சனிக்கிழமை நள்ளிரவுக் கணக்குப்பிள்ளை

சென்ற சனிக்கிழமை இரவு எமது தமக்கையார் வீட்டிலே தங்க நேர்ந்தது. இடியப்பமும் சொதியும் உண்டு, பழங்கதைகள் பேசி, பதினொரு மணியளவிலே பாயை விரிக்கும் சமயத்தில், மருமகன் மாத்திரம் மடிக்கணனியைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போவதைக் கண்டோம். ஒரு பெரிய கந்தோரிலே அறுநூறு கணனிகளைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் அவனுக்கு. “விடிந்தால் ஞாயிற்றுக்கிழமையல்லவா? இந்த நேரத்தில் என்ன வேலை?” என்று கேட்டோம்.

“இந்த நேரத்தில்தான் மாமா வேலை. இன்றைக்குச் சேவருக்குப் பராமரிப்பு நாள்” என்றான்.

“மாதத்தில் ஒரு சனிக்கிழமை இவன் சாமக்கோழிதான்” என்று உள்ளேயிருந்து தமக்கையாரின் குரல் வந்தது.

கணனிக்குப் பராமரிப்பு நாள் என ஒன்று உண்டென்பது எமக்குப் புதுமையாகவிருந்தது. காருக்கு ஒயில் மாற்றுவது போலவா என்று வினவினோம். இல்லை, கிணறு இறைத்துச் சேறு வாருவது போல என்றான் மருமகன். சேறு வாரத் தெரிந்திருந்தால் மாத்திரம் போதாது. வீட்டார் எவரும் தண்ணீர் அள்ளாத நேரம் பார்த்து இறங்கவும் வேண்டுமாம். நித்திரையும் கலைந்துவிட்டபடியால் நாமும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தோம். அன்றிரவு கேட்டவற்றையே இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

அறுநூறு கணனிகளுள்ள இடத்திலே, ஒவ்வொன்றின் முன்னும் சென்றமர்ந்து மென்பொருளைப் புதுப்பிப்பதென்றால் ஒரு மனிதனுக்கு ஆண்டு போதாது. ஆதலால் அவை அனைத்தையும் ஓரிடத்திலிருந்தே மேய்ப்பதற்கென ஒரு முகாமைச் சேவரை வைத்துக்கொள்கிறார்கள். மருமகனின் கந்தோரில் இருப்பது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ‘கொன்பிகரேஷன் மனேஜர்’ என்பது. 1994ஆம் ஆண்டிலே வேறொரு பெயருடன் வெளிவந்து, 2007இல் இப்பெயர் பெற்றதாம். எந்தக் கணனி எவர் மேசையில் இருக்கிறது, அதனுள் என்னென்ன மென்பொருள்கள் உள்ளன, எந்தப் பாதுகாப்புத் திருத்தம் இன்னும் போய்ச் சேரவில்லை என்பன யாவும் அதன் தரவுத்தளத்திலே பதிவாகின்றன. தரவுத்தளம் என்பது வேறொன்றுமன்று. ஒரு மாபெரும் கணக்குப் புத்தகம். அதனைக் காக்கும் கணக்குப்பிள்ளையே எமது மருமகன்.

இந்தக் கணக்குப் புத்தகத்தின் தொல்லை யாதெனில், அது தானாகவே பெருத்துக்கொண்டிருக்கும். நாம் வேறுவிதமாகக் கட்டளையிடாதவிடத்து, ஒவ்வொரு கணனியும் 7 நாட்களுக்கொருமுறை தன் உடைமைப் பட்டியலைச் சேவருக்கு அனுப்புகிறது. அறுநூறு கணனிகளுக்கு வருடமொன்றில் 31,200 பட்டியல்கள்! ஒரு கணனியில் ஏதேனும் மாறியிருந்தால், புதியதை எழுதிக்கொண்டு பழையதைச் சரித்திரமாக ஒதுக்கி வைக்கிறது தரவுத்தளம். எமது சங்கக்கடை மனேஜர் ஒருவர் முப்பது வருடத்துப் பற்றுச்சீட்டுக்களைச் சாக்கிற் கட்டி வைத்திருந்தது ஞாபகத்துக்கு வந்தது. அவரிடம் போன மாதக் கணக்கைக் கேட்டாலும் சாக்கைத்தான் அவிழ்ப்பார்.

பெருப்பது ஒன்று, சிதறுவது மற்றொன்று. புத்தகத்தின் பின்னாலே சொல்லடைவு இருப்பது போலத் தரவுத்தளத்துக்கும் சுட்டிகள் உண்டு. தகவல்கள் 8 கிலோபைட் அளவுள்ள பக்கங்களிலே எழுதப்படுகின்றன. நிறைந்த பக்கமொன்றின் நடுவே புதிய வரியொன்று புகவேண்டுமாயின், அப்பக்கம் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி வேறெங்கோ போய் உட்காருகிறது. இவ்வாறே நாளடைவில் வரிசை குலைகின்றது. குலைவு 5 வீதத்துக்கும் 30 வீதத்துக்கும் இடைப்பட்டிருந்தால் ஒழுங்குசெய்தால் போதும். 30 வீதத்தைத் தாண்டினால் சுட்டியையே புதிதாகக் கட்டவேண்டும் என்பது நெடுங்காலமாக வழங்கி வந்த கைக்கணக்கு. செய்யாவிட்டால் சேவர் இறந்துவிடாது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு விநாடி எடுத்தது ஒரு நிமிடம் எடுக்கும். பிறகு கந்தோரிலுள்ள எல்லோரும் மருமகனைத் திட்டுவார்கள்.

இவற்றையெல்லாம் செய்வதற்கான வேலைகள் அந்த மென்பொருளுக்குள்ளேயே உண்டு. எந்த வேலை, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பின், எத்தனை மணிக்கு முன் எனக் குறித்துவிட வேண்டியதுதான். பழைய பதிவுகளை அழிக்கும் வேலைகளிற் சில, வாங்கி வைத்த நாளிலேயே சனிக்கிழமைக்கு, நள்ளிரவு 12 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையே என்று குறிக்கப்பட்டுத்தான் வருகின்றன. வேடிக்கையென்னவெனில், மிக முக்கியமான இரண்டு வேலைகள், அதாவது காப்புப் பிரதி எடுப்பதும் சுட்டிகளை மீளக் கட்டுவதும், இயக்கப்படாமலே வருகின்றன. நாமே தேடிப் பார்த்து இயக்கவேண்டும். பூட்டை விற்றவர் திறப்பை வேறு பையிலே போட்டுக் கொடுத்தது போலல்லவா இருக்கிறது!

நேரம் குறிப்பதிலே முறையொன்று உண்டு. முதலிற் புத்தகம் பழுதற்றிருக்கிறதா என்று பரிசோதிக்கவேண்டும். பின்னர் காப்புப் பிரதி. அதன் பின்னரே பழையனவற்றை அழித்தல். கடைசியாகச் சுட்டிகளை மீளக் கட்டுதல். அழிக்கப்போகும் பதிவுகளுக்காக முன்கூட்டியே சுட்டி கட்டுவது, வெட்டப்போகும் வாழைக்கு நீர் பாய்ச்சுவதேயாம். ஒரு வேலை முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடவும் கூடாது. முன்னொரு பொழுது காப்புப் பிரதியும் சுட்டி கட்டுதலும் வைரஸ் தேடும் மென்பொருளும் ஒரே இரண்டு மணிக்குக் குறிக்கப்பட்டு, மூன்றும் ஒரே டிஸ்க்கிலே முட்டிக்கொண்டு, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கும் முடியாமற் கிடந்தனவாம். இடம் மிச்சம் பிடிக்கிறோமென்று தரவுத்தளத்தைச் சுருக்கிவிடும் புத்திசாலிகளும் உளர். சுருக்கும்போது கடைசிப் பக்கங்களை அள்ளி முன்னாலுள்ள வெற்றிடங்களில் திணிப்பதால், இரவிரவாகக் கட்டிய சுட்டி மீண்டும் குலைந்துபோகும்.

“நாட்கணக்கை மறந்தாலும் ஆபத்துத்தான் மாமா” என்று 2020ஆம் ஆண்டுக் கதையொன்று சொன்னான். 90 நாட்களாகச் செய்தி அனுப்பாத கணனியின் பதிவை அழித்துவிடுவது அவர்களுடைய சேவரின் வழக்கம். மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. கந்தோர் பூட்டப்பட்டது. கணனிகள் மேசைகளில் உறங்கின. ஜூன் 18ஆம் திகதியுடன் 90 நாள் நிறையும். சேவரோ நோய் நொடி அறியாதது; குறித்த சனிக்கிழமையிலே, ‘இவை இறந்துபோன கணனிகள்’ என்று தீர்மானித்து வரிசையாகத் துடைத்திருக்கும். மே மாதக் கடைசியில் இவனுக்கு அது உறைத்து, வீட்டிலிருந்தபடியே 90ஐ 180 ஆக்கிவிட்டானாம்.

2022இல் வந்தது வேறுவிதமான சோதனை. அவ்வாண்டு மார்ச் மாதக் கடைசியிலே ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சுட்டி கட்டும் வேலை நடுவழியில் நிற்கும்போது மின்சாரம் போனால், திரும்ப எழும்பும் தரவுத்தளம் அரைகுறையாய்ச் செய்ததையெல்லாம் முதலில் இரத்துச் செய்துவிட்டுத்தான் வாசலைத் திறக்கும். அதற்கும் நேரம் செல்லும். யூ.பீ.எஸ். பெட்டி சொற்ப நேரமே தாங்கும். ஜெனரேற்றருக்கு டீசல் கிடையாது. தமக்கையார் சமையலுக்கு மின்வெட்டு அட்டவணை பார்த்தார். மகன் சேவருக்கு அதே அட்டவணையைப் பார்த்தான். அந்நாட்களில் பெரிய வேலைகளைச் சிறுசிறு துண்டுகளாக்கி, இன்றைக்கு இந்த அட்டவணை, நாளைக்கு அந்த அட்டவணை என்று நடத்தினானாம். வீட்டில் ஒரே குளிர்சாதனப் பெட்டியைக் கொண்டு தமக்கையார் மீன் காத்ததும் ஏறக்குறைய அவ்வாறேயாம்.

இவ்வளவும் கேட்டபின், “எல்லாவற்றுக்கும் நேரம் குறித்தாயிற்றே, அது தானாக நடக்கட்டும். நீ ஏன் நித்திரை முழிக்கிறாய்?” என்றோம்.

சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், உள்ளே தாயாருக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, தான் உத்தியோகம் ஏற்ற முதல் வருடத்திலே நடந்ததைச் சொன்னான். வாராந்தம் காப்புப் பிரதி எடுக்கும்படி நேரம் குறித்துவிட்டு நிம்மதியாகவிருந்தானாம். பிரதிகள் போய்ச் சேரும் டிஸ்க் நிறைந்துவிட்டது. சேவர் வாரந்தோறும் முயன்று, தோற்று, பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைத்தது. அப்பதிவேட்டை எவரும் திறந்து பார்க்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை சேவரின் டிஸ்க் பழுதடைந்தபோது, கையிலிருந்த கடைசிப் பிரதியின் வயது ஐந்து வாரம். மூன்று கிழமையாக மேசை மேசையாகப் போய், விடுபட்டவற்றைச் சேர்த்தான். உத்தியோகம் போகுமென்றே எண்ணியிருந்தானாம். பெரியவர் ஒருவர் தயவிலே தப்பியது.

பெரிய இடங்களுக்கும் இது நேர்ந்ததுண்டு. 2017 ஜனவரி 31ஆம் திகதி, மென்பொருள் எழுதுவோர் தம் வேலைகளை வைத்திருக்கும் ‘கிட்லப்’ என்னும் நிறுவனத்திலே, இரவு வேலையிலிருந்த பொறியியலாளர் ஒருவர் ஒரு சேவரென நினைத்து மற்றொரு சேவரின் தரவுகளை அழித்துவிட்டார். தவறென உணர்ந்து நிறுத்துவதற்குள், ஏறத்தாழ 300 கிகாபைட் இருந்தவிடத்தில் 4.5 மாத்திரமே எஞ்சியது. நாள்தோறும் எடுக்கப்பட்டதாக எண்ணியிருந்த பிரதிகளைத் தேடினால், அங்கே ஒன்றுமில்லை. பிரதி எடுக்கும் மென்பொருளின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்புடன் ஒவ்வாமையால் வேலை தோல்வியடைந்து வந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேராமற் தள்ளுபடியாகியிருந்தன. வேறொரு தேவைக்காக ஆறு மணிநேரத்துக்கு முன்பு ஒருவர் எடுத்து வைத்த பிரதியே அவர்களைக் கரைசேர்த்தது. நடந்ததை ஒளியாது உலகுக்கு எழுதினார்களே, அது மெச்சத்தக்கது.

எம் நாட்டிலும் 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி அரசாங்கத்தின் மேகச் சேவர்கள் கப்பம் கோரும் மென்பொருளினால் தாக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில், மே 17 தொடக்கம் அன்றுவரையான கடிதங்கள் மீளக் கிடைக்கவில்லை. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. யாரோ ஒருவருடைய சனிக்கிழமை எங்கோ தவறியிருக்கிறது என்று மருமகன் சொன்னான். குறை கூறும் குரலில் அல்ல.

ஆகவேதான் வாரந்தோறும் வேலை தானாக நடந்தாலும், மாதத்தில் ஒரு சனிக்கிழமை இவன் விழித்திருக்கிறான். அன்றைய பிரதியை எடுத்து, வேறொரு வெற்றுச் சேவரிலே விரித்து, அது உண்மையிலே எழும்புகிறதா என்று பார்க்கிறான். மற்றுமொன்று: அந்த மென்பொருள் எடுக்கும் புதிய பிரதி, அதே உறையிலுள்ள பழைய பிரதியை அழித்துவிடுமாம். பழையதை ஒதுக்கி வைக்கும் ஏற்பாட்டையும் நாமே செய்யவேண்டும்.

மூன்றேகால் மணிக்குத் திரையிலே பச்சை வரியொன்று தோன்றியது. சேவர் எழும்பிவிட்டது. மருமகன் கொட்டாவி விட்டான். திரும்பினால், கையில் இரண்டு குவளை தேநீருடன் தமக்கையார் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ!

“ஐந்து வாரக் கதையை ஏன் தம்பி எனக்குச் சொல்லவில்லை?” என்றார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். அவரும் மேலே கேட்கவில்லை. இடுப்பிலே செருகியிருந்த கைத்தொலைபேசியை எடுத்து நீட்டினார். “இதற்குள் அப்பாவின் படமெல்லாம் இருக்கிறது. இதற்குப் பிரதி இருக்கிறதா என்று பார்.”

காலஞ்சென்ற அத்தானின் கடைசி இரண்டு வருடத்துப் படங்கள் அவை. பார்த்தான். இடம் நிறைந்துவிட்டதென்ற அறிவித்தல் பதினான்கு மாதங்களாக அங்கே நின்றுகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் இருந்தபடியால் தமக்கையார் ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளி மூடிவிட்டிருக்கிறார்.

விடியும்வரை படங்கள் மடிக்கணனிக்கு ஏறிக்கொண்டிருந்தன. அடுத்த சனிக்கிழமையிலிருந்து இரவு பன்னிரண்டுக்கு அம்மாவின் தொலைபேசிக்கும் நேரம் குறித்துவிடுவதாகச் சொன்னான் மருமகன். “ஐந்து மணிக்கு முன் முடித்துவிடு, எனக்குக் கோயிலுக்குப் போகவேண்டும்” என்றார் தமக்கையார்.