பற்சில்லும் பாதையும்

பழைய மோட்டார்ச் சைக்கிள்களைத் தேடியெடுத்துச் செப்பனிட்டு ஓட்டும் ஆர்வம் நம்மிளைஞர் சிலரிடம் காணப்படுகின்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆயின் அவ்வார்வத்தோடு மற்றோர் ஆசையும் கூடவே பிறக்கின்றது. தொடங்கிய கணத்தே வண்டி பாய்ந்தெழ வேண்டுமென்பதே அது. அதற்கு எளிய வழியாக அவர்கள் கருதுவது பற்சில்லை மாற்றுதல். இது தக்கதா, தகாததா என நம்மை வினவிய மாணவர் சிலர் உளர். அவர்களுக்கு விடையாகவும், பழைய மாணவராகிய அன்பர்களின் சிந்தனைக்காகவும் நம் கருத்தை இம்மலரிலே கூற விழைகின்றோம். பாதையும் பாரமும் வேண்டுமாயின் மாற்றலாம். பகட்டு ஒன்றே வேண்டுமாயின் மாற்றலாகாது என்பதே நமது துணிபு.

முதற்கண் பொறியின் இயல்பை நோக்குவோம். 1948ஆம் ஆண்டிலே பி.எஸ்.ஏ. நிறுவனத்தார் வெளியிட்ட பன்ரம் டி1 என்னும் வண்டியை உதாரணமாகக் கொள்வோம். 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் மூன்று கியர்களும் உடைய சிறு வண்டி அது. செர்மானியரின் டி.கே.டபிள்யூ. வண்டியின் அமைப்பைப் போரின் பின்னர் தழுவிச் செய்யப்பட்டது. அதன் கியர்ப் பெட்டியிலுள்ள முன் பற்சில்லுக்குப் பற்கள் 15. பின் சில்லோடு பொருந்திய பற்சில்லுக்கு 47. மூன்றாம் கியரிலே எஞ்சின் ஏழு முறை சுழன்றாற் பின் சில்லு ஒருமுறை சுழலும். முன் பற்சில்லில் ஒரு பல்லைக் குறைத்து 14 ஆக்கினால் அவ்வேழு, ஏழரையாகும். பின்புறத்தில் ஏறத்தாழ மூன்று பற்களைக் கூட்டினாலும் இதே பயன் விளையும்.

இதனால் வருவது யாது? பின் சில்லைத் திருப்பும் விசை நூற்றுக்கு 7 அளவிற் கூடுகின்றது. அதனால் ஆர்முடுகலும் கூடுகின்றது. ஆயினும் எஞ்சினின் வலு ஓர் அணுவளவும் கூடவில்லை. கப்பிகள் பல கோத்துப் பாரத்தைத் தூக்குபவன் விசையை மிச்சம் பிடித்தாலும், கயிற்றை நெடுந்தூரம் இழுத்தே தீரவேண்டும். அதுபோலவே இங்கும் பெற்றதற்கு விலை கொடுத்தாக வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் கதியிற் செல்கையில் முன்னர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 முறை சுழன்ற எஞ்சின், இப்பொழுது 3,200 முறை சுழல வேண்டும். கிலோமீற்றர் ஒன்றுக்கு 250 சுற்றுக்கள் மிகையாகின்றன. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குக் கண்டி வீதி வழியே ஏறத்தாழ 75 கிலோமீற்றர். அத்தூரத்தை ஒருமுறை கடக்க 18,000க்கு மேற்பட்ட சுற்றுக்களை அக்கிழ எஞ்சின் வீணே சுழன்று தள்ளுகின்றது. சூடும் தேய்வும் பெற்றோற் செலவும் அவற்றோடு வளரும். சிறிய பற்சில்லைச் சுற்றிச் செல்லும் சங்கிலியும் அதிகம் வளைவதால் விரைவில் தேயும். கதிமானி கியர்ப் பெட்டியிலிருந்து இயங்கும் வண்டிகளில் அது காட்டும் கதியும் பொய்யாகும்.

அங்ஙனமாயின் இம்மாற்றம் எங்கும் ஆகாததோ எனின், அன்று. வன்னி முழுவதும் கண்டி வீதியன்று. இரணைமடுக் குளத்து வாய்க்காற் கரைகளிலும், காட்டோரக் கிரவல் பாதைகளிலும், முல்லைத்தீவுக் கரையோர மணலிலும் நெல்மூடை ஏற்றிச் செல்வோன் எந்நேரமும் முதலாம் இரண்டாம் கியர்களிலேயே உழல்கின்றான். கிளச்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு அதனைக் கருக்குகின்றான். அவனுக்கு ஒரு பல் குறைந்த பற்சில்லு உற்ற துணையாகும். பக்க வீதியிலிருந்து பெருவீதியில் ஏறுகையில், விரைந்துவரும் பஸ்களுக்கும் லொறிகளுக்கும் முன்னே வண்டி தயங்கி நிற்பது ஆபத்தென்று கூறுவோரின் வாதத்தையும் நாம் புறந்தள்ளவில்லை. ஆயின் அவ்வாபத்துக்கு மருந்து பொறுத்திருந்து ஏறுதலே. பாய்ந்தேறக் கற்றவன் பாய்ந்து நிறுத்தவும் வல்லனாதல் வேண்டும். பன்ரத்தின் பிறேக்குகளோ சிறிய டிரம் பிறேக்குகள். பற்சில்லை மாற்றுவோர் எவரும் அவற்றை வலுப்படுத்தக் கண்டிலோம்.

இவ்வாசைக்கு நாமும் ஒருகால் ஆட்பட்டோம் என்பதை ஒளியாது கூறுகின்றோம். நம்மிடமிருந்த பன்ரம் ஒன்று இழுவையின்றிச் சோர்ந்தது. காரணத்தை ஆராயாது 14 பற்சில்லைப் பூட்டினோம். இரண்டு நாள் மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் மாங்குளத்தைத் தாண்டுமுன்னரே எஞ்சின் அலறிய அலறல் நம் நெஞ்சைச் சுட்டது. பின்னர்ச் சைலன்சரைக் கழற்றிப் பார்த்தபொழுது, அது கரிபடிந்து பாதிக்குமேல் அடைபட்டிருக்கக் கண்டோம். கரியை நீக்கிப் பழைய பற்சில்லையே மீண்டும் பூட்டினோம்; வண்டி முன்போல் இழுத்தது. ஆதலின் மந்தமான வண்டியை உடையோர் சைலன்சர், தீப்பொறி நேரம், நெருக்கம், காபரேற்றர், உரசி நிற்கும் பிறேக் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்த பின்னரே பற்களை எண்ணத் தொடங்குதல் நன்று. நோய் நாடாது மருந்து கொடுத்தல் மனிதனுக்கு மட்டுமன்றிப் பொறிக்கும் கேடாம்.

இன்னுமொன்று உண்டு. 1990களிலே பெற்றோல் கிடையாத காலத்தில், சில துளி பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டவை இம்மண்ணின் மோட்டார்ச் சைக்கிள்கள். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் அவை சுமந்தன. அக்காலத்தில் வண்டி எவ்வளவு விரைவில் எழும் என்று எவரும் கேட்டிலர். போய்ச் சேருமா என்றே கேட்டனர். 2009இல் இடம்பெயர்ந்த மக்கள் கைவிட்ட எண்ணிறந்த வண்டிகள் முல்லைத்தீவு மாவட்டத்திலே குவியல் குவியலாகத் துருவேறிக் கிடந்ததையும் நாம் கண்டோம். 2022 யூலையில் மோட்டார்ச் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலே பங்கிடப்பட்டபொழுது, சிக்கனமாக ஓடும் வண்டியின் அருமையை எல்லோரும் மறுபடியும் உணர்ந்தோம். இத்தனைக்கும் தப்பி நம் கைக்கு வந்த பழைய வண்டி ஒன்றை, சில விநாடி விரைவுக்காகத் தேய்த்தழித்தல் முறையாகுமா?

ஆகவே மாற்ற விழைவோர் மூன்றினைக் கடைப்பிடிக்குமாறு வேண்டுகின்றோம். முதலாவது, குறையைக் கண்டு நீக்குக. இரண்டாவது, தேவை உண்மையாயின் முன்புறத்தில் ஒரு பல்லுக்குமேற் குறையாதிருக்க. சங்கிலியின் நீளத்தையும் தேய்வையும் அப்பொழுதே சரிபார்க்க. மூன்றாவது, கழற்றிய பற்சில்லை எறிந்துவிடாது எண்ணெய் பூசிப் பொதிந்து, பற்களின் எண்ணிக்கையையும் கழற்றிய நாளையும் எழுதி வைக்க. பழைய உறுப்பு ஒருமுறை தொலைந்தால் மீண்டும் கிடைத்தல் அரிது.

மாணவர்க்கு ஒரு சொல். வகுப்பறையிற் கற்ற விகிதமும் விசையும் வலுவும் பரீட்சைத் தாளோடு முடிவனவல்ல. ஒரு சோக்கட்டியால் ரயரிற் குறியிட்டு, எஞ்சின் எத்தனை முறை சுழலப் பின் சில்லு ஒருமுறை சுழல்கின்றதென எண்ணிப் பாருங்கள். திருத்தகம் நடத்தும் பழைய மாணவர்கள் தங்கள் கதவுகளை இவர்களுக்கு ஒரு மாலையேனும் திறந்து வைப்பார்களாயின், அது இந்த யூபிலி ஆண்டிலே கல்லூரித் தாய்க்கு அவர்கள் செய்யும் நற்றொண்டாகும். கணக்கிட்டுப் பார்த்த பின்னர் எந்தப் பற்சில்லைப் பூட்டுவதென்பதை அவ்விளைஞரே தீர்மானிக்கட்டும். அத்தீர்மானத்தை நாம் முழுமனத்தோடு ஏற்போம்.