தவணை தவறியவர் யார்?



பேங்கில் ஒரு சொல் உண்டு. டிபால்ட்டர். வாங்கின கடனுக்குத் தவணை கட்டாதவர். பதினோரு வருஷமாக அந்தச் சொல்லோடுதான் எனக்குப் பொழப்பு. காசநோய் ஆஸ்பத்திரியிலும் இதே சொல் புழங்கியது என்பது நம்மில் பலபேருக்குத் தெரியாது. ஆறு மாத மருந்தை நடுவில் விட்டவரின் கணக்கை 'டிபால்ட்டர்' என்று எழுதி மூடினார்கள். 2013-ல் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லைக் கைவிட்டது. 'தொடர்பு விட்டுப்போனவர்' என்று எழுதச் சொன்னது. காகிதத்தில் சொல் மாறிவிட்டது. மனசில் மாறவில்லை. மருந்தை இலவசமாகக் கொடுத்தும் ஒழுங்காகத் தின்னாத சனங்க, குடிகாரர்கள், பொறுப்பில்லாதவர்கள் என்கிற பேச்சு இன்றைக்கும் கேட்கத்தான் செய்கிறது. சேரியைப் பற்றிய பழைய பேச்சு அது. இப்போது வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

இந்தத் தலையங்கத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அந்தச் சொல்லில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று தெரிந்துபோனதுதான்.

தி.நகரில் நான் வேலை பார்க்கும் கிளைக்கு ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயசு இருக்கும். வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, "சார், டீபி துட்டு வந்துக்குதா பாருங்க சார்" என்றார். காசநோயாளிகளின் சாப்பாட்டுச் செலவுக்கென்று ஒன்றிய அரசு கணக்கில் போடும் பணம் அது. 2018-ல் மாதம் 500 ரூபாயாக ஆரம்பித்து, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கினார்கள். பார்த்தேன். பணம் வந்திருந்தது. ஆனால் எடுக்க முடியாது. இரண்டு வருஷமாக வரவு செலவு இல்லாததால் கணக்கு முடங்கிக் கிடந்தது. முடங்கின கணக்குக்குள் அரசாங்கப் பணம் வரும், வெளியே போகாது. மறுபடி அடையாளச் சான்று, விலாசச் சான்று, போட்டோ எல்லாம் கொடுத்தால்தான் திறக்கும். கணக்கில் இருந்த விலாசம் மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடு. அந்த வீடு இப்போது இல்லை. இடித்தாகிவிட்டது. அவர் இருப்பது பெரும்பாக்கத்தில்.

"விலாசச் சான்று கொண்டு வாங்கம்மா, நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். பேங்கு வழக்கப்படி சரியான பதில். "நாளிக்கா சார்? இன்னிக்கே ரெண்டு வூட்டுக்கு மட்டம் போட்டுட்டு வந்துக்கிறேன்" என்றார். மறுபடி வந்தார். ஒரு காகிதம் குறைந்தது. மூன்றாவது தடவை வந்தபோது மருந்து எப்படிப் போகிறது என்று கேட்டேன். "ஒம்பது நாளா போடல தம்பி. வெறும் வயித்துல போட்டா கொமட்டுது. சாப்பாட்டுக்குத்தானே இந்தத் துட்டு" என்றார்.

ஒன்பது நாள். அதில் மூன்று நாள் என் கவுண்டரில் போனது. நம்மாள் ஒருத்தன் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்துவிட்டால் நிலைமை மாறும் என்று மாணவனாக இருந்தபோது மேடையில் பேசியிருக்கிறேன். இட ஒதுக்கீட்டில் வந்து உட்கார்ந்தும்விட்டேன். வெளியே நின்றதும் நம்மாள்தான். திருப்பி அனுப்பினவனும் நம்மாள்தான்.

கடுமையான நோய் வந்தவர் பிழைப்பதையும் சாவதையும் எது தீர்மானிக்கிறது? மருந்து என்பார்கள், டாக்டர் என்பார்கள், தலைவிதி என்பார்கள். இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஊர் நம்முடைய சென்னை. அந்தக் கதை நம் இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினார்கள். அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவி, டிசம்பரில் மறைந்த அதே வருஷம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. வாலஸ் ஃபாக்ஸ் என்கிற டாக்டர் முன்னின்றார். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான் வைத்தியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாசக்கணக்கில் படுக்கை, பக்கத்தில் நர்ஸ். அத்தனை பேருக்கும் படுக்கை கொடுக்க நாட்டில் வசதி கிடையாது. குடிசையில் வைத்தே மருந்து கொடுத்தால் ஏழை பிழைப்பானா என்பதுதான் கேள்வி. இருநூறுக்குக் கொஞ்சம் குறைவான ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேர் சானடோரியத்துக்கு, பாதிப்பேர் அவரவர் வீட்டுக்கு. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள். ஒரே அறையில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். ஓய்வும் இல்லை. இருந்தும் குணமானவர்களின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்த குடும்பத்துக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருந்து ஒழுங்காக உள்ளே போக ஆரம்பித்தால் பரவுவது சீக்கிரமே அடங்கிவிடுகிறது. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதற்கு இந்தச் சென்னைக் குடிசைகளின் சாட்சியம் ஒரு முக்கியக் காரணம். ஏழை வீட்டிலேயே பிழைப்பான் என்று தங்கள் உடம்பைக் கொடுத்து நிரூபித்தவர்கள் நம் தாத்தா பாட்டி காலத்துச் சனங்க. அவர்கள் பேர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு பாதி இருக்கிறது. மாத்திரையை கையில் திணித்து 'போய் வா' என்று அவர்கள் அனுப்பிவிடவில்லை. வாரா வாரம் மருந்து கொடுத்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போனார்கள். மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். ஒருவர் வராவிட்டால் தேடிப்போனார்கள். அதாவது, சானடோரியத்தின் காற்றும் கட்டிலும் இல்லாமல் சமாளிக்க முடிந்தது, தேடி வந்த ஆள் இல்லாமல் முடிந்திருக்காது. அரசாங்கம் இதில் எதை நினைவில் வைத்துக்கொண்டது? 'வீடே போதும்' என்பதை. படுக்கைச் செலவு மிச்சம். வாசலுக்கு ஆள் போக வேண்டும் என்பது மட்டும் வரவர மங்கிப்போனது. நாமே போய் அவர்கள் முன்னால் மாத்திரையை விழுங்கிக் காட்ட வேண்டும் என்று வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள். கூலிக்குப் போகிறவன் வேலையை விட்டு எப்படிப் போவான்? போகாதவன் டிபால்ட்டர்.

அடுத்தது சோறு. சாப்பாடு குறைந்தாலும் மருந்து வேலை செய்யும் என்று 1959-ல் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சாப்பாடு முக்கியமில்லை என்றே பலர் முடிவு கட்டிவிட்டார்கள். கிருமி சாவது ஒரு கேள்வி. ஆள் பிழைப்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு 2019-லிருந்து 2022 வரை ஜார்க்கண்டில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சேத்துப்பட்டு மையம்தான் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதற்கும் இந்த ஆய்வில் பங்கு உண்டு. ஆதிவாசிகள் நிறைந்த மாநிலம், எலும்பும் தோலுமான நோயாளிகள், 2,800 பேர். மருந்தோடு மாதா மாதம் அரிசியும் மாவும் பால் பவுடரும் எண்ணெயும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். 2023-ல் வந்த முடிவு இது: முதல் இரண்டு மாசத்தில் உடம்பு எடை 5 விழுக்காடு ஏறினவர்களிடம் சாவின் ஆபத்து 61 விழுக்காடு குறைவு. கூட இருந்த குடும்பத்துக்கும் அரிசி பருப்பு கொடுத்த இடங்களில், அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. பருப்பும் அரிசியும் தடுப்பூசி மாதிரி வேலை செய்திருக்கிறது. நம் ஆயாக்கள் கஞ்சித் தட்டை நீட்டி 'தின்னுட்டு மாத்திரை போடு' என்று சொன்னதை நிரூபிக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

தமிழ்நாட்டில் நல்லது எதுவும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2022-லிருந்து, நோய் தெரிந்த அன்றைக்கே எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், கால் வீக்கம், தாங்கல் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவர்களை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். காசநோயில் பலபேர் ஆரம்ப வாரங்களிலேயே செத்துப்போகிறார்கள் என்பதால் இது உயிர் காக்கிற வேலை. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாசலுக்கு வர முடியும் என்று அவர்களே காட்டியிருக்கிறார்கள். எந்த வாசலுக்கு, எத்தனை மணிக்கு என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

ஏனென்றால் வாசலையே பெயர்த்துவிட்டார்கள். 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று கால்வாய் ஓரத்துச் சனங்களை, அடையாற்றங்கரைச் சனங்களை ஊருக்கு வெளியே குவித்தார்கள். 2022 மே மாசம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடு இடித்தபோது ஒருவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு செத்தார். சேரி ஊருக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது மனு காலத்துச் சட்டம். அதை அடுக்குமாடியாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். நான் சொன்ன அம்மா விடியற்காலையில் கிளம்பி இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் மயிலாப்பூர் வந்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து டிக்கெட் இல்லை, சரி. நேரத்துக்கு டிக்கெட் இருக்கிறதே. மருந்து கொடுக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவர் மயிலாப்பூரில் சாம்பார்ச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்கே நாளைக்குக் காசநோய் வந்தால்? சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. ஈ.எஸ்.ஐ.யில் இருக்கும் ஆலைத் தொழிலாளிக்கு, விதிப்படி தகுதி இருந்தால், கூலியில் 80 விழுக்காடு கொடுத்து இரண்டு வருஷம் வரை தாங்குகிறார்கள். காசநோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வீட்டு வேலை செய்கிறவருக்கு? ஒரு வாரம் வராவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். அதனால் நோயை மறைக்கிறார்கள். "அவங்க வூட்ல தெரிஞ்சா தம்ளர தனியா வெச்சிடுவாங்களா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். சிரித்தார். "அது எப்பவுமே தனியாத்தான் கீது தம்பி" என்றார்.

காசநோய் தம்ளரால் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் பரவுகிறது. தனித்தம்ளரால் பரவுவது வேறு நோய். அந்த நோய்தான் இந்த நோயை மறைக்க வைக்கிறது, தாமதமாக்குகிறது, கொல்லவும் செய்கிறது.

காசநோய் மட்டுமில்லை. அடையாறில் 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 12 படுக்கையோடு தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஏழைக்கும் அங்கே வைத்தியம் உண்டு. ஆனால் புற்றுநோயில் எந்தக் கட்டத்தில் போய்ச் சேர்கிறோம் என்பதுதான் பாதி முடிவு. ஒரு நாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாது என்கிறவர் கட்டியைத் தடவிக்கொண்டே ஆறு மாசம் தள்ளிப்போடுகிறார். 'ஏன்மா இவ்ளோ லேட்டா வந்தே?' என்று கேட்பது சுலபம். அந்தக் கேள்வியை அவரிடம் மட்டும் கேட்பதுதான் அயோக்கியத்தனம்.

காசநோயை 2025-க்குள் ஒழிப்போம் என்று 2018-ல் டெல்லியில் அறிவித்தார்கள். நோய் ஒழியவில்லை. உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். இந்தக் கணக்கில் தவணை தவறியது யார்? ஒன்பது நாள் மாத்திரை போடாத அம்மாவா? அவரை இருபது கிலோமீட்டர் தள்ளி வைத்த அரசா? தனித்தம்ளர் வைத்த வீடுகளா? மூன்று தடவை திருப்பி அனுப்பின நானா?

அதனால் நாம் கேட்பது இவை. நோய் தெரிந்த அன்றைக்கே, மருந்து கொடுக்கும் இடத்திலேயே பேங்கு ஆள் வந்து உட்கார்ந்து கணக்கைத் திறக்க வேண்டும். பணத்தோடு நிற்காமல் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ரேஷனில் பருப்பும் எண்ணெயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மறுகுடியமர்வுப் பகுதிகளில் வேலை முடிந்து வரும் இரவு நேரத்தில் வாசலுக்கு மருந்து வர வேண்டும். 2007-ல் அமைத்த வீட்டுப் பணியாளர் நலவாரியம் நோய்க்கால கூலியைக் கொடுக்க வேண்டும். நோயில் கிடக்கும் குடும்பத்தின் வீட்டை இடிக்கக் கூடாது.

கோரிக்கை அரசுக்கு. வேலை நமக்கு. ராயப்பேட்டையிலிருந்து 1907-ல் பத்திரிகை தொடங்கிய நம் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த வைத்தியர். நாடி பார்க்க வேண்டுமென்றால் கையைத் தொட்டாக வேண்டும். நாமும் கூட்டம், கருத்தரங்கு என்று இருந்துவிடாமல் நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். மாணவத் தோழர்கள் ஒவ்வொருவரும் உங்கள் தெருவில் மருந்து சாப்பிடும் ஒருவரோடு, அவர் சம்மதித்தால், ஒரு நாள் முழுக்கக் கூடப் போய் வாருங்கள். எத்தனை பஸ், எத்தனை மணி நேரம், எத்தனை ரூபாய் கூலி போச்சு, எந்தக் கவுண்டரில் என்ன காகிதம் கேட்டார்கள் என்று குறித்து அனுப்புங்கள். அவர் பேரும் தெருவும் வேண்டாம். அடுத்த இதழில் அப்படியே அச்சடிப்போம்.

அந்த அம்மாவின் கணக்கு இப்போது ஓடுகிறது. மருந்தில் நாலாவது மாசம். எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது என்று போன வாரம் கவுண்டரில் வந்து சொன்னார், பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கும்படியே.