நலம், நலமறிய ஆவல்



நேற்று பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது 1988 டிசம்பர் இன்லேண்ட் கடிதங்கள் மூன்று கிடைத்தன. அப்போது எனக்கு மன்னவனூர் பக்கம் வேலை. வீட்டுக்காரி பெரியகுளத்தில் மாமனார் வீட்டில். மூன்றிலும் மாமா எழுதியது ஒன்றுதான்: "லேசான காய்ச்சல், கவலை வேண்டாம்."

பொங்கல் லீவுக்கு இறங்கிப் போனால், டைபாய்டு. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். தலைமுடி பாதி கொட்டிவிட்டது. "மலையில தனியா இருக்கிற பிள்ளை பதறுமேன்னுதான் மாப்ளே" என்றார் மாமா. அவர் மீது கோபப்பட முடியவில்லை. வருத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது.

எங்கள் மலைக்கு இது புதிதல்ல. 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியதே கீழ்நாட்டு நோய்களுக்குத் தப்பத்தான். குடும்பம் மலையில், ஐயா கீழே ஊர் ஊராக. நடுவில் கடிதம்தான்.

1908 நவம்பரில் காந்தி தென்னாப்பிரிக்காவில் வோல்க்ஸ்ரஸ்ட் சிறையில் இருந்தார். கஸ்தூர்பாவுக்கு உடம்பு மோசம் என்று ஆல்பர்ட் வெஸ்ட் தந்தி கொடுத்தார். அபராதம் கட்டினால் வெளியே வந்திருக்கலாம். கட்டவில்லை. ஏன் வரமுடியாது என்று கஸ்தூர்பாவுக்கே எழுதினார். அவர் போயிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. (காந்தி பக்தர்கள் சண்டைக்கு வரலாம்!) ஆனால் அவருக்கு உண்மை தெரிந்திருந்தது, தெரிந்தே முடிவெடுத்தார். எனக்கு அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லை.

இப்போது துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உங்களுக்கும் வாட்ஸப்பில் "சும்மா செக்கப்தான்" என்றுதானே வருகிறது? வீட்டில் இருப்பவர்களே, தயவுசெய்து மறைக்காதீர்கள். வருவதா இல்லையா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். இன்னொன்று, போனை நோயாளி கையிலேயே கொடுங்கள். அவளைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், அவளைப் பேச விடுவதில்லை.

மூன்றாவது கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி இருக்கிறது, அவள் எழுதியது: "குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கங்க." எழுத்தெல்லாம் கோணல்மாணல். பிள்ளைகளின் கையெழுத்துக்கு மார்க் போட்ட வாத்தியார் நான். அன்று அதைப் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறாள் என்று நினைத்து ஸ்வெட்டரைத் தேடினேன்.