இரும்புக்கையும் பால்வாளியும்

படக்கதை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் ஆசிரியர் உலகம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு சாரார் முகஞ்சுளிப்பர். மாணவன் மேசைக்கடியில் ஒரு படக்கதை அகப்பட்டால் கள்ளக் கடத்தற்பொருள் அகப்பட்டாற்போல் அதைப் பறித்து அலமாரியில் வைத்துப் பூட்டுவர். மற்றொரு சாரார், பெரும்பாலும் என் வயதினர், கண் கலங்குவர். 'அந்தக் காலத்து மாயாவி போல் இனி வருமா!' என்று பெருமூச்செறிந்து, பழைய இதழ்களை விலை பாராமல் தேடி வாங்கி, கண்ணாடித்தாள் உறையிட்டுக் காப்பர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் எள்ளி நகையாடினாலும் ஒரு செயலில் முழு ஒற்றுமை உடையவர்கள். இருவருமே அந்நூல்களை ஊன்றிப் படிப்பதில்லை. பூட்டியவர் படிக்கவே இல்லை. போற்றுபவர் பத்து வயதில் படித்ததோடு சரி. எனவேதான் சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு கட்டுப் பழைய இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு, கையில் சிவப்பு மையோடு, கட்டுரைப் பயிற்சி திருத்துவதுபோல் படித்துப் பார்த்தேன். நிறையச் சிரித்தேன். சில பக்கங்களில் சிரிப்பு நின்றுவிட்டது.

வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றின. இவை கப்பலேறி ஈப்போவுக்கு வந்து, புத்தகக் கடைகளில் இந்திய வார ஏடுகளோடு கயிற்றில் தொங்கின. அங்கிருந்து தோட்டத்துக்கு வந்து, பத்துப் பதினைந்து கை மாறி எங்களிடம் சேரும்போது அட்டை இராது. கடைசித் தாளும் இராது. கொள்ளைக்கூட்டத் தலைவன் பிடிபட்டானா, தப்பினானா என்பதை நாங்களே கூடிப் பேசி முடிவு செய்துகொள்வோம். கற்பனை வளர்ச்சிக்கு இதைவிடச் சிறந்த பயிற்சியை எந்தப் பாடத்திட்டமும் வகுத்ததில்லை.

ஆனால் அவ்வீரர்கள் சிவகாசியில் பிறந்தவர்கள் அல்லர். மாயாவி 1962இல் இலண்டன் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்தவன். நம் பிள்ளைகள் சட்டித்தலையன் என்று கேலி செய்து மகிழ்ந்த இயந்திர மனிதன் ஆர்ச்சி, 1952இல் 'லயன்' என்னும் ஆங்கில வார இதழில் தோன்றியவன். சிலந்தி வலை வீசும் ஸ்பைடரும் அதே இதழில் 1965இல் தோன்றியவனே. அஃதாவது, 1957இல் ஆங்கிலேயர் இந்நாட்டின் ஆட்சியைவிட்டு இறங்கினர். பதினைந்து ஆண்டு கழித்து, அவர்தம் பிள்ளைகள் படித்துப் போட்ட வார இதழ்கள் தமிழுடுத்தி நம் லயங்களுக்கு வந்து சேர்ந்தன. ஆங்கிலேயரைத் தொலைத்துவிட்டோம் என்று பெரியவர்கள் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் திண்ணையில் அமர்ந்து அவர்களையே வழிபட்டுக்கொண்டிருந்தனர்.

மாயாவியின் கதையைப் பாருங்கள். லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். அவன்மீது மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுதும் மறைந்துபோகும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். உடுத்த ஆடையும் சேர்ந்து மறைவது எப்படி என்று கேட்கக் கூடாது; மானம் காக்கப்பட்டதே போதும். என் ஐயம் வேறு. அவன் எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பான்? எங்கள் லயத்தில் ஜெனரேட்டர் மாலை 6 மணிக்கு உறுமத் தொடங்கி இரவு 10 மணிக்கு நின்றுவிடும். மாயாவி மறைய வேண்டுமானால் அந்த நான்கு மணி நேரத்துக்குள் மறைந்தாக வேண்டும். பகலில் வந்த கொள்ளையரை அவன் மண்ணெண்ணெய் விளக்கில் விரலைச் சுட்டுக்கொண்டா எதிர்த்திருக்க முடியும்?

நகைச்சுவை நிற்க. ஆள் மறைந்து கை மட்டும் தெரிவது அந்த ஆங்கில எழுத்தாளருக்கு விந்தையான கற்பனையாக இருந்திருக்கலாம். தோட்டத்தில் அது நாள்தோறும் நடந்தது. விடியுமுன் பிரட்டில் நின்று பெயர் கொடுத்து, நெற்றிவிளக்கோடு நிரைக்குள் நுழைந்த நம் தாய்மாரைக் கணக்கேடு எப்படிக் கண்டது? எத்தனை மரம், எத்தனை வாளி பால், எத்தனை இராத்தல் ஒட்டுப்பால் என்று கண்டது. ஆங்கிலத்தில் தொழிலாளரைக் 'கைகள்' என்றே குறிக்கும் வழக்கு உண்டு. கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. கிராண்டேலுக்கு மின்சாரத்தின் வேகம் தணிந்ததும் உடல் திரும்ப வந்துவிடும். நம் பாட்டிமாருக்கு வரலாற்று நூல்களில் இன்னும் வரவில்லை.

அடுத்து, முகமூடி வீரன். அமெரிக்கரான லீ ஃபாக் 1936இல் படைத்த இவன், தமிழில் வேதாளன் என்றும், ராணி காமிக்ஸில் மாயாவி என்றும் பெயர் மாறி உலவினான். நானூறு ஆண்டுகளாகத் தந்தைக்குப் பின் மகனாக, இருபத்தொரு தலைமுறையாக ஒரே உடை, ஒரே முகமூடி, ஒரே மண்டையோட்டு மோதிரம். காட்டு மக்களோ ஒரே ஆள்தான் சாகாமல் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருக்கின்றனர். நானூறு ஆண்டில் ஒருவருக்குக்கூட ஐயம் வரவில்லை! குரல் மாறியதைக் காதுள்ளவர் எவரும் கவனிக்கவில்லை! அக்காட்டில் ஒரு தமிழ்க் கிழவி இருந்திருந்தால் முதல் தலைமுறையிலேயே, 'ஏண்டா, போன மாசம் வந்தவன் இவனில்லையே' என்று உடைத்துப் போட்டிருப்பாள்.

இதை வேடிக்கைக்குக் கூறவில்லை. குன்றின்மேல் பங்களா; அதில் ஒரு வெள்ளைத் துரை. அவர் போவார், இன்னொருவர் வருவார். தொப்பியும் கைத்தடியும் மட்டும் மாறுவதில்லை. கம்பெனிக்கு வேண்டியதும் அதுதான். ஆள் யாராயினும் 'துரை' என்றும் சாகாதவராகத் தோன்ற வேண்டும். ஆனால் கதையில் வரும் காட்டு மக்களைப்போல் நம்மவர் ஏமாறவில்லை. வந்த ஒவ்வொரு துரைக்கும் நம் பாட்டன்மார் ஒரு பட்டப்பெயர் வைத்தனர். நடைக்கு ஒரு பெயர், மூக்குக்கு ஒரு பெயர், கஞ்சத்தனத்துக்கு ஒரு பெயர். வாழ்வில் அவ்வளவு கூர்மையாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள், கதையில் மட்டும் மண்டையோட்டு அரியணையின்முன் மண்டியிட்டோம்.

அவன் நாட்டின் பெயர் தொடக்கத்தில் 'பெங்காலி' என்றே இருந்தது. எதிரிகளான கடற்கொள்ளையர் 'சிங்' எனப்பட்டனர். 1964இல் இந்தியாவில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், படிப்போர் மனம் புண்படலாகாது என்று அப்பெயர்களை 'டெங்காலி' என்றும் 'சிங்கா' என்றும் திருத்தி அச்சிட்டது. எழுத்தைத் திருத்தினார்கள், அரியணையில் அமர்ந்திருந்தவனைத் திருத்தவில்லை. அதன் விளைவு பேராக்கில் எப்படி இருந்தது தெரியுமா? கோப்பெங், தாப்பா மலைச்சரிவுகளில் செமாய் மக்களும், சுங்கை சிப்புட்டுக்கு அப்பாலுள்ள உட்காட்டில் தெமியார் மக்களும் நம் அண்டை வீட்டார். அவர்களில் ஒருவர் தோட்டத்துப் பக்கம் மூங்கிலோ பழமோ விற்க வந்தால், நம் பிள்ளைகள் வாயில் கைவைத்து 'உலுலு' என்று ஊளையிட்டுக் குதிப்பர். அந்த ஊளையை யார் கற்றுக்கொடுத்தார்? எந்தச் செமாய்க்காரரும் அப்படிக் கத்தியதை நான் கேட்டதில்லை. பிறரால் 'கூலி' என்று இழிக்கப்பட்டவன் பிள்ளை, இழிப்பதற்குத் தனக்குக் கீழே ஒருவனைத் தேடிக்கொண்டான். ஆளை அடையாளம் காட்டியது படக்கதை.

ஸ்பைடரைப் பற்றி ஒரு செய்தி. அவன் கதைகளை 1966 முதல் எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938இல் ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உலகுக்கு அளித்தவர். அதன் உரிமையை இருவரும் விற்ற விலை 130 டாலர்! மலையைத் தூக்கும் வீரன் பிறர்க்குக் கோடிகளை ஈட்டித்தர, படைத்தவர்கள் வழக்குமன்றப் படியேறி இளைத்தனர். 1975இல்தான், செய்தித்தாள்கள் எழுதி இடித்துரைத்தபின், ஓய்வூதியமும் பெயர்க்குறிப்பும் கிடைத்தன. மாயாவியை வரைந்த எசுப்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் பெயரைக்கூட அன்றைய இலண்டன் இதழ் அச்சிட்டதில்லை. மரத்தை வெட்டுபவன் ஒருவன், பாலுக்கு உரியவன் வேறொருவன் என்பது தோட்டத்துப் பிள்ளைக்கு விளக்க வேண்டிய செய்தியன்று. இச்செய்தியை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பொருளியல் பாடம் பாதி முடிந்துவிடும்.

இவ்வளவும் கேட்டபின், 'அப்படியானால் பூட்டி வைத்தது சரிதானே' என்று முதற்சாரார் மீசையை முறுக்கக்கூடும். பொறுங்கள். படக்கதை பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற கூற்றுக்கு உலகெங்கும் சான்றாகக் காட்டப்பட்டது, அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் 1954இல் வெளியிட்ட நூல். அவ்வாண்டே அமெரிக்கப் பதிப்பாளர்கள் அஞ்சித் தமக்குத் தாமே தணிக்கை விதி வகுத்துக்கொண்டனர். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை ஆராய்ந்த கேரல் டில்லி என்னும் நூலகவியல் அறிஞர், வெர்தம் தம் முடிவுக்கேற்பப் பிள்ளைகளின் வாக்குமூலங்களை மாற்றியும் திரித்தும் இருந்தார் என 2012இல் எடுத்துக்காட்டினார். சான்றே இற்றுப்போன வழக்கை நாம் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

மேலும், அலமாரியைப் பூட்டிய ஆசிரியர் எதைப் பூட்டினார் என்று எண்ணியதுண்டா? வீட்டில் நாட்காட்டியைத் தவிர அச்சிட்ட தாளே இல்லாத பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தை ஓடவைத்தவை அவைதாம். கொள்ளையனும் செந்தமிழ் பேசினான். 'மரணத்தின் வாயிலில் நிற்கிறாய், மூடனே!' என்ற பாணியில் மிரட்டுவான். 'வாயில்' என்ற சொல்லுக்குக் கதவு என்று ஒரு பொருளுண்டு என்பதை நான் இலக்கணப் பாடத்தில் கற்கவில்லை. என் பள்ளிநாளில் ஓர் ஆசிரியர் இருந்தார். பறித்த இதழ்களை இடைவேளையில் தாமே படித்து, அடுத்த வாரம் அலமாரிக்குத் திருப்பி வைப்பார். அவரை நான் குறை கூறமாட்டேன். படித்தார் அல்லவா?

இனி என் உண்மையான வழக்குக்கு வருகிறேன். கோப்பெங் அருகே கோத்தா பாருவில் 1951இல் பிறந்த முகமது நோர் காலிட் என்னும் லாட், தம் கம்பத்துச் சிறுவனின் வாழ்வை 1979இல் 'கம்பங் பாய்' என்று படக்கதையாக்கினார். அதில் பறக்கும் மனிதன் இல்லை. ஆற்றுக் குளியலும், விருத்தசேதனச் சடங்கும், ரப்பர் நிலமும், ஈயம் அள்ளும் கப்பலும் இருக்கின்றன. 1981இல் வந்த 'டவுன் பாய்' ஈப்போ நகரத் தெருக்களையே வரைந்தது. நாம் வாழ்ந்த அதே கிந்தா பள்ளத்தாக்கு! அவர் கம்பத்துக்கும் எங்கள் தோட்டங்களுக்கும் இடையில் சைக்கிள் தொலைவுதான். அவர் பெற்ற பிள்ளைப்பருவம் உலகறிந்த நூலாயிற்று. லயத்துப் பிள்ளைப்பருவத்தை வரைந்தவர் யார்? ஆயக்கொட்டகைத் தூளியும், பால்வாளி அலசும் தண்ணீர்க்குழாயும், சம்பள நாள் இரவும், தீமிதித் திருவிழாவும், நிரைக்குள் அட்டைப்பூச்சியும் எந்தக் கட்டத்துக்குள் வந்தன? நம் எழுத்தாளர்கள் அவற்றைச் சிறுகதையாக, புதினமாக நிறைய எழுதியிருக்கின்றனர். அவை பெரியவர்களுக்கு. பத்து வயதுப் பிள்ளை கையில் எடுத்துக் குப்புறப் படுத்துப் படிக்க நாம் கொடுத்தது இலண்டன் இறக்குமதிதான்.

வீரர் இல்லாமலா? பாப்பானில் சிபில் கார்த்திகேசு இருந்தார். தமிழ் மருத்துவரை மணந்த யுரேசியத் தாதி. சப்பானியர் ஆட்சியில் காட்டுப் போராளிகளுக்கு மறைவாக மருந்திட்டார். வானொலியை ஒளித்து வைத்துச் செய்தி கேட்டார். 1943இல் கைதானார். மகளைத் தீயின்மேல் தொங்கவிட்டு மிரட்டியபோதும் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. 1948இல் இறந்த அவருடைய கல்லறை ஈப்போவில் இருக்கிறது. பள்ளி வாகனத்தில் ஏறினால் போய்ப் பார்த்து வரலாம். அதே ஆட்சியில் சயாம் இரயில்பாதைக்கு வாரிச் செல்லப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழருள், உயிரோடு நடந்து திரும்பியவர்களின் கதை ஒவ்வொன்றும் ஒரு தொடர். மாயாவிக்கு இருந்த நிழல்படை இவர்களுக்கு இல்லை.

ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு பயிற்சி செய்து பார்த்தேன். முகமூடி வீரன் கதையின் ஒரு பக்கத்தைப் படியெடுத்து, பேச்சுக் கூண்டுகளை வெண்மையாக்கி, 'உரையாடலை நீங்களே எழுதுங்கள்' என்றேன். பெரும்பாலோர் வீரனுக்கே வீரவசனம் எழுதினர். ஒரு சிறுமி மட்டும் அவனை விட்டுவிட்டு, பின்னணியில் ஈட்டியோடு நிற்கும் காட்டு மனிதனின் தலைமேல் புதிதாக ஒரு கூண்டு வரைந்து எழுதியிருந்தாள்: 'ஐயா, என் பெயரை யாரும் கேட்கவில்லையே?' முழு மதிப்பெண் வழங்கினேன். இதுபோன்ற பயிற்சிக்கு வேண்டியது ஒரு படிப்பொறியும் ஒரு வெண்மை மையும்தான். பூட்டிய அலமாரிகளில் மூலப்பொருள் ஏராளமாய் இருக்கிறது. சாவியைத் தேடி எடுங்கள்.

எழுத்தாளர் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் சிறுகதைக்கும் கவிதைக்கும் பரிசு வைக்கிறோம், கட்டுரைக்கும் வைக்கிறோம். 32 பக்கத்தில், தோட்ட வாழ்வைப் பற்றி, ஓர் எழுத்தாளரும் ஓர் ஓவியரும் சேர்ந்து செய்யும் படக்கதைக்கு ஒரு பரிசு வைத்தால் என்ன? இருவர் பெயரும் அட்டையில் இருக்க வேண்டும். உரிமையும் அவர்களிடமே இருக்க வேண்டும். ஓவியர் எங்கே கிடைப்பார் என்று கேட்பீர்கள். லாட்டின் முதல் படக்கதை நூல் 1964இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 13. நம் பிள்ளைகளோ 12 வயதில் தமிழ்ப்பள்ளியை விட்டுப் போய்விடுகின்றனர். ஆகவே நாம் நான்காம் ஆண்டு வகுப்பிலேயே, நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில், தேடத் தொடங்க வேண்டியிருக்கும்.