கட்-ஆப் 190 வாங்கிய பையன் முதல் செமஸ்டரில் 'அரியர்' வைப்பது ஏன்? கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் நடப்பது என்ன?

சென்னை,

கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு கிடைத்துவிட்டது என்று தெருவுக்கே மிட்டாய் கொடுக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து ரிசல்ட் வருகிறது. கணக்கில் அரியர். கம்ப்யூட்டர் பாடத்திலும் அரியர். "பிளஸ்-2-வில் கணக்கில் 98 வாங்கின பையனாச்சே!" என்று தாயார் தலையில் கை வைக்கிறார்.

பையன் ஊர் சுற்றினான், செல்போனில் விழுந்து கிடந்தான் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். சில பேர் விஷயத்தில் அது உண்மைதான். பல பேர் விஷயத்தில் கதையே வேறு.

தொடாத கம்ப்யூட்டர்

தமிழ்நாட்டில் 2007-ல் இருந்து என்ஜினீயரிங்குக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ்-2 மார்க்கை வைத்து 200-க்கு கட்-ஆப் போடுகிறார்கள். கணக்குக்கு 100, பிசிக்சுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50. கம்ப்யூட்டருக்கு? ஒரு மார்க்கும் இல்லை!

ஆகவே பயாலஜி குரூப் படித்த பையன், கீபோர்டில் விரல் வைக்காமலே கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் வந்து உட்காரலாம். பக்கத்தில் உட்காருகிறவனோ பள்ளிக்கூடத்திலேயே 'பைத்தான்' படித்துவிட்டு வந்தவன். (பயப்பட வேண்டாம், மலைப்பாம்பு இல்லை. கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடும் பாஷை.) இரண்டு பேருக்கும் ஒரே வாத்தியார், ஒரே வேகம்.

2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கினார்கள். பீஸ், ஆஸ்டல் செலவையும் அரசே ஏற்றது. நல்ல காரியம். ஆனால் உள்ளே போனால் பாடம் இங்கிலீஷில் ஓடுகிறது. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ் வழி என்ஜினீயரிங் ஆரம்பித்தபோதுகூட சிவில், மெக்கானிக்கல் இரண்டுக்குத்தான். கம்ப்யூட்டர் அதில் இல்லை.

ரூ.4060 பில்!

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் லேபுக்குச் சொன்ன கணக்குகளில் ஒன்று கடை பில், இன்னொன்று கரண்ட் பில். மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். இருக்கிறது.

சோப்பு 40 ரூபாய், பருப்பு 60 ரூபாய் என்று பையன் தட்டுகிறான். மொத்தம் போடு என்கிறான். கம்ப்யூட்டர் காட்டுவது 100 அல்ல, 4060! நாம் தட்டுகிறதை பைத்தான் எண்ணாக எடுப்பதில்லை. வெறும் எழுத்தாக எடுத்து, 40-க்குப் பக்கத்தில் 60-ஐ ஒட்டி வைத்துவிடுகிறது. 'இதை எண்ணாக எடுத்துக்கொள்' என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதினால் தீர்ந்தது. ஒரு வரியை இடது பக்கம் தப்பாகத் தள்ளி எழுதினாலும் இதே வம்புதான். சில சமயம் புரோகிராமே ஓடாது.

தமிழில் சொன்னால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் பையன் கேட்பதில்லை. இங்கிலீஷில் கேட்க வேண்டும், தப்பாகப் பேசினால் வகுப்பே சிரிக்கும் என்ற பயம். பக்கத்து மிஷினைப் பார்த்துக் காப்பி அடிக்கிறான். ரிக்கார்டு நோட்டு நிரம்புகிறது, இன்டர்னல் மார்க்கும் வந்துவிடுகிறது. பரீட்சை ஹாலில் பக்கத்து மிஷின் இல்லை. அங்கேதான் விழுகிறான்.

இவன் மக்கு என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மக்குக்கு 98 வராது. 1997-ல் ராக்கிங்குக்குத் தனிச் சட்டமே போட்டார்கள். சீனியர் அடித்தால் போலீசுக்குப் போகலாம். இங்கிலீஷுக்குப் பயந்து கடைசி பெஞ்சில் ஒடுங்குகிறவன் எந்த ஸ்டேஷனுக்குப் போவான்?

தலைக்கு மேல் வெள்ளம்

முதல் செமஸ்டர் அரியர் அடுத்த செமஸ்டர் பேப்பர்களோடு சேர்ந்து வந்து நிற்கும். அந்த 2021 பாடத்திட்டத்தில் இரண்டாவது செமஸ்டரில் 'சி' என்று இன்னொரு கம்ப்யூட்டர் பாஷை வேறு. முதல் பாஷையே பிடிபடாதவனுக்கு இரண்டாவது எப்படி ஏறும்? வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளில் பல, அரியர் பாக்கி இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஆரம்பத்தில் நடக்கும் அறிமுக வகுப்பு இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துபோகிறது. அதிலும் வரவேற்பு, சொற்பொழிவு என்று கொஞ்ச நாள் ஓடிவிடும். முதல் மூன்று மாதம் சாயங்காலம் ஒரு மணி நேரம் லேபைத் திறந்து வைத்து, தமிழ் தெரிந்த சீனியர் இரண்டு பேரை உட்காரவைத்தால் காலேஜுக்குப் பெரிய செலவில்லை.

ஆஸ்டலுக்குப் போன் போடும் பெற்றோர் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். "லேபில் இன்னிக்கு நீயே டைப் பண்ணினியா, பார்த்து எழுதினியா?" என்றும் கேட்டுப் பார்க்கலாம். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதிலேயே விஷயம் தெரிந்துவிடும்.