"சிக்கலான விஷயம்" என்று சொல்லித் தப்பாதீர்கள்

பலஸ்தீனம் பற்றிக் கதை வந்தால் எங்கள் ஆட்கள் இரண்டு வழியால் தப்புவார்கள். கம்பஸில் படிக்கிற பெடியள் "அது சரியான சிக்கலான விஷயம் அண்ணா" என்று சொல்லிவிட்டு போனைப் பார்ப்பார்கள். பெரியவர்களிடம் வேறு பாட்டு இருக்கிறது: "யூதர்களைப் பார், அலைஞ்சு திரிஞ்ச சனம் ஒரு நாட்டை எடுத்துக் காட்டினதெல்லோ!" இரண்டு பேருக்கும் ஒரே ஒரு தெருவைப் பற்றிச் சொல்கிறேன். முழு வரலாறும் தெரியத் தேவையில்லை.

மேற்குக் கரையில் ஹெப்ரோன் என்றொரு நகரம். அரபியில் அல்-கலீல். 1997 இல் அதை எச்1, எச்2 என்று இரண்டாகப் பிரித்தார்கள். எச்2 இஸ்ரேலிய இராணுவத்தின் கையில். அங்கே முப்பதாயிரத்துக்கும் அதிகமான பலஸ்தீனர்கள், அவர்கள் நடுவே சில நூறு யூதக் குடியேறிகள். அந்தப் பகுதியில்தான் சுஹதா வீதி இருக்கிறது. ஒரு காலத்தில் நகரத்தின் பெரிய கடைத்தெரு அது.

1994 பெப்ரவரி 25 அன்று, நோன்பு மாதத்தில், ஒரு குடியேறி இப்ராஹிமி பள்ளிவாசலுக்குள் புகுந்து தொழுதுகொண்டிருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றார். அதற்குப் பிறகு சுஹதா வீதி யாருக்கு மூடப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? பலஸ்தீனர்களுக்கு. முதலில் அவர்களுடைய வாகனங்களுக்கு, இரண்டாவது இன்டிபாடா தொடங்கிய பிறகு நடந்து போகிறவர்களுக்கும். செத்தவர்களின் சனத்துக்கே தண்டனை. 2006 இல் பெட்செலெம் உட்பட இரண்டு இஸ்ரேலிய மனித உரிமை அமைப்புகள் கணக்கெடுத்தபோது, குடியேற்றங்களை அண்டிய பகுதியில் 1,014 பலஸ்தீன வீடுகள் காலி, 1,829 கடைகள் பூட்டு. கணக்கெடுத்தவர்களும் இஸ்ரேலியர்கள்தான், கவனியுங்கள்.

அங்கே மிஞ்சியிருக்கிற குடும்பங்களின் நாள் எப்படிப் போகிறது? சிலருடைய முன்கதவை இராணுவம் ஒட்டி அடைத்துவிட்டது. பின்பக்கத்தால், சில இடங்களில் கூரையால் ஏறி, தன் வீட்டுக்குள் போக வேண்டும். கல் விழுகிறது என்று ஜன்னலுக்கும் பால்கனிக்கும் கம்பி வலை. பழைய சந்தையில் தலைக்கு மேலேயும் வலை கட்டியிருக்கிறார்கள், மேலே குடியிருப்பவர்கள் கொட்டுகிற குப்பையைப் பிடிக்க. கார் வர முடியாத இடத்தில் காஸ் சிலிண்டரையும் வருத்தக்காரரையும் ஆட்கள்தான் தூக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குடியேறி பிழை செய்தால் சாதாரண நீதிமன்றம். பலஸ்தீனப் பிள்ளை செய்தால், 12 வயது என்றாலும், இராணுவ நீதிமன்றம். ஒரே தெருவுக்கு இரண்டு சட்டம்.

2023 ஒக்டோபர் 7 இல் ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து சனத்தைக் கொன்றது. அது கொடூரம், அதில் எனக்கு மழுப்பல் இல்லை. ஆனால் அது காசாவிலிருந்து நடந்தது. ஹெப்ரோனில் இருந்த குடும்பங்களையும் ஏன் வீட்டுக்குள் பூட்டினார்கள்? பிறகு தளர்த்தியபோதும் வாரத்தில் மூன்று நாள், காலையில் ஒரு மணித்தியாலம், மாலையில் ஒரு மணித்தியாலம். பள்ளிக்கூடம் அதற்குள் எப்படி?

"1929 இல் அங்கே 67 யூதர்களைக் கொன்றார்களே" என்று யாராவது கேட்பார்கள். கொன்றார்கள், அது படுகொலை. அன்று அரபு அயலவர்கள் பல யூதர்களைத் தங்கள் வீடுகளில் ஒளித்துக் காப்பாற்றியதும் உண்மை. இந்த இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகும் கேள்வி அப்படியே நிற்கிறது: இன்றைக்கு ஒரு அம்மா தன் முன்கதவால் வெளியே வரலாமா, கூடாதா? தீர்வு சிக்கலாக இருக்கலாம். இந்தக் கேள்வியில் என்ன சிக்கல்?

கணினி படிக்கிறவர்களுக்கு ஒன்று தனியாக. யாருக்கு எந்தக் கதவு திறக்க வேண்டும் என்று விதி எழுதுவது என் தொழிலில் அன்றாட வேலை. ஹெப்ரோனிலும் அதையே செய்கிறார்கள், மனிதர்களை வைத்து. 'நீல ஓநாய்' என்ற செயலிக்காகச் சிப்பாய்கள் பலஸ்தீனர்களின் முகங்களைப் போனில் படம் பிடித்தார்கள். யார் அதிகம் பிடிப்பது என்று போட்டி வைத்துப் பரிசும் கொடுத்ததாக 2021 இல் வெளிவந்தது, சொன்னவர்கள் முன்னாள் சிப்பாய்கள். சோதனைச்சாவடிகளில் இருக்கிற 'சிவப்பு ஓநாய்' பற்றி 2023 இல் அம்னெஸ்டி அறிக்கை எழுதியது. முகம் தரவுத்தளத்தில் இல்லையென்றால், சொந்த வீட்டுக்கே போக முடியாமல் போகலாம். இதில் ஒரு வரி கோடும் தானாக முளைக்கவில்லை. எங்களைப் போல டிகிரி எடுத்த யாரோ எழுதி, சோதித்து, சம்பளம் வாங்கியிருக்கிறார்கள்.

இனி அந்த இஸ்ரேல் ரசிக மாமாக்களுக்கு. வன்னியில் சனம் எந்தச் சத்தத்தைக் கேட்டு பங்கருக்குள் ஓடியது? கிபிர். அது இஸ்ரேல் செய்து இலங்கைக்கு விற்ற விமானம். 'எங்களைப் போல' என்று நீங்கள் சொல்கிற நாடு எங்கள் தலைக்கு மேல் எந்தப் பக்கம் நின்றது என்று உங்களுக்கே தெரியும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சென்றியில் வரிசையில் நின்ற கதையை எங்களுக்குச் சொல்லி வளர்த்ததும் நீங்கள்தான். அப்படியிருக்க, சுஹதா வீதியில் அட்டையோடு நிற்பவரை விட்டுவிட்டு, துவக்கோடு நிற்பவரில் எப்படி உங்களைக் கண்டீர்கள்? அடுத்த முறை வாட்ஸ்அப்பில் அந்த வீடியோவை அனுப்ப முதல் இதற்கு ஒரு பதில் எழுதி அனுப்புங்கள்.