ஊசிக்கு முதல் மரியாதை

எம்.எஸ். சுப்புலட்சுமியின் ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதம் 1963ல் எச்.எம்.வி.யின் எல்.பி. இசைத்தட்டாக வெளிவந்தது. அதன் ராயல்டி திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்குப் போகும்படி அவர் ஏற்பாடு செய்தார். 2006ல் திருப்பதி பூர்ணகும்பம் சந்திப்பில் அவருக்கு வெண்கலச் சிலையும் எழுந்தது. சிலையைக் கழுவ ஆள் உண்டு. சித்தூரிலும் திருப்பதியிலும் பழைய வீடுகளின் அலமாரியில் கிடக்கும் அந்தத் தட்டின் நிலைமைதான் கவலைக்குரியது. கவலைக்குக் காரணம் தூசி அல்ல, ஊசி.

கணக்கு எளிது. சுப்ரபாதம் ஏறத்தாழ 20 நிமிடம். அந்த நேரத்தில் தட்டு 660 தடவைக்கு மேல் சுற்றும். ஊசி பள்ளத்தில் ஓடும் தூரம் 400 மீட்டரைத் தாண்டும். தினமும் காலையில் ஒரு முறை என்றால், ஒரு வருடத்தில் அந்த ஊசி திருப்பதியிலிருந்து கால்நடையாகச் சென்னைக்கே போய்விட்டது என்று அர்த்தம். மணிக்கணக்கில் சுமார் 120 மணி நேரம். நல்ல வைர ஊசி 500 முதல் 1,000 மணி நேரம் தாங்கும். அந்தக் காலத்து மலிவு பிளேயர்களில் பெரும்பாலும் இருந்தது செயற்கை நீலக்கல் ஊசி. அதன் ஆயுள் சில பத்து மணி நேரம்தான். மாற்றியவர்கள் குறைவு. ‘ஓடுகிற வரை ஓடட்டும்’ என்று விட்டவர்களே அதிகம். தேய்ந்த ஊசி சும்மா ஓடுவதில்லை. உளி மாதிரிப் பள்ளத்தின் சுவரைச் சீவிக்கொண்டே ஓடுகிறது. ‘ஸ’வும் ‘ஷ’வும் நிறைந்த சமஸ்கிருத சுலோகங்களில் இது முதலில் தெரியும். குரல் சுத்தமாக இருக்கும், அந்த எழுத்துகளில் மட்டும் கரகரக்கும்.

இப்போது இந்தத் தட்டுகளை மறுபடி கேட்கும் ஆசை திரும்பியிருக்கிறது. தாத்தாவின் பிளேயரைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். ரூ. 20,000 ஒதுக்கி ‘ஸ்டீரியோவை மேம்படுத்தலாம்’ என்று உட்காருகிறார்கள். பணம் முதலில் போவது ஸ்பீக்கருக்கு. பிறகு ஆம்ப்ளிஃபயருக்கு. கடைசியில் மிஞ்சும் சில்லறையில் ஒரு ஊசி. வரிசை தலைகீழ். பள்ளத்திலிருந்து ஊசி எடுக்காத ஒலியை எந்த ஸ்பீக்கராலும் உண்டாக்க முடியாது. தேய்ந்த ஊசியின் கரகரப்பை நல்ல ஸ்பீக்கர் இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான்.

சித்தூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். 1911 வரை அந்த ஊர் வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. 2022ல் திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. எல்லைகள் எப்படி மாறினாலும் அந்த வீட்டு அலமாரியில் தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றும் கலந்தே இருக்கும். சுப்ரபாதம், 1980ஐ ஒட்டி தேவஸ்தானமும் எச்.எம்.வி.யும் கொண்டுவந்த பாலாஜி பஞ்சரத்ன மாலையின் ஐந்து எல்.பி.க்கள், சில சினிமாத் தட்டுகள், அடியில் துணி சுற்றிய நாலைந்து 78 வேக அரக்குத் தட்டுகள். பிளேயர், பெட்டி மாதிரி மூடித் தூக்கிச் செல்லும் ரகம். எச்.எம்.வி. ஃபியஸ்டா, கலிப்ஸோ போன்றவை அந்த ஜாதி.

இந்த ரகத்தில் இருப்பது பெரும்பாலும் செராமிக் அல்லது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ். ஊசியின் அசைவு ஒரு சிறு துண்டை நெளிக்க, அதிலிருந்து மின்சாரம் பிறக்கிறது. வலுவான சிக்னல் என்பதால் மலிவான ஆம்ப்ளிஃபயரே போதும். ஆனால் ஊசி தட்டின்மேல் 5 கிராமோ அதற்கு மேலோ அழுத்த வேண்டும். இன்றைய மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜில், ஊசித்தண்டின் முனையில் ஒரு பொடி காந்தம் இருக்கும். அது கம்பிச் சுருள்களுக்கு நடுவே அசைகிறது. இதற்கு 2 கிராம் போதும். கிராம் கணக்கு அற்பமாகத் தோன்றலாம். ஊசிமுனை பள்ளத்தைத் தொடும் இடம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது என்பதால், அங்கே விழும் அழுத்தம் அற்பமல்ல.

அப்படியானால் பழைய பெட்டியில் புதிய கார்ட்ரிட்ஜைப் பொருத்திவிடலாமே என்ற யோசனை வரும். நடக்காது. அந்தப் பெட்டிகளின் டோன் ஆர்ம் கனமான ஊசிக்காகவே செய்த பிளாஸ்டிக் கை. பின்பக்கம் நகர்த்தக்கூடிய எதிர் எடை கிடையாது. மூட்டில் உராய்வு அதிகம். 2 கிராமில் விட்டால் பள்ளத்தை விட்டுத் துள்ளும். பாசத்துக்காக அதை வைத்துக்கொள்ளலாம். அதில் சுப்ரபாதத்தை ஓட்டக் கூடாது. இன்று கடைகளில் கலர் கலராகக் கிடைக்கும் புத்தம்புது சூட்கேஸ் பிளேயர்களிலும் பலவற்றில் இருப்பது அதே செராமிக் கார்ட்ரிட்ஜ், அதே கனம்தான். தாத்தா காலத்துத் தவறைப் பளபளப்பான தோலில் சுற்றி விற்கிறார்கள்.

ஆகவே பட்ஜெட்டில் பாதிக்கு மேல் டெக்குக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் போக வேண்டும். புதிதாக வாங்குவதென்றால் ஆடியோ-டெக்னிகாவின் எல்.பி.60எக்ஸ் போன்ற ஆரம்ப நிலை டெக்குகள் உண்டு. எடை சுமார் 3 கிராமில் கம்பெனியிலேயே நிர்ணயிக்கப்பட்டது, ஊசி மாற்றலாம், கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது. எதிர் எடை வைத்த டெக் கிடைத்தால் இன்னும் நல்லது. பிற்காலத்தில் கார்ட்ரிட்ஜை மட்டும் உயர்த்திக்கொண்டே போகலாம். ஊசி எடையை அளக்கும் குட்டி டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்தான். அதை வாங்காமல் கார்ட்ரிட்ஜ் மட்டும் வாங்குவது, அளவு எடுக்காமல் சட்டை தைப்பதற்குச் சமம்.

செகண்ட் ஹேண்ட் டெக் தேடி சென்னை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த டெக் என்று யாராவது ஆசை காட்டினால், மோட்டார் எந்த வகை என்று கேட்க வேண்டும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்சாரத்தின் துடிப்பையே பின்பற்றிச் சுற்றும் சிங்க்ரனஸ் மோட்டார் என்றால் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 230 வோல்ட்டை 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மோட்டார் எரியாமல் காப்பாற்றும், வேகத்தைத் திருத்தாது. 33 1/3 சுற்ற வேண்டிய தட்டு 28க்கும் குறைவாகச் சுற்றும். சுருதி மூன்று சுரஸ்தானம் இறங்கும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு வந்துவிடுவார். 20 நிமிட சுப்ரபாதம் 24 நிமிடமாகும். ராகம் மாறாது என்பதால் பலர் கண்டுபிடிப்பதே இல்லை. ‘பழைய ரெக்கார்டு, அப்படித்தான் இருக்கும்’ என்று சமாதானமாகிவிடுகிறார்கள். ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 ஹெர்ட்ஸ் என்பதால், அந்த ஊர் டெக்குகள் பலவற்றுக்கு இரண்டு அளவிலும் புல்லி கிடைத்தது. டி.சி. மோட்டார் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டை வைத்து எண்ணினால் போதும். சரியாக மூன்று நிமிடத்தில் 100 சுற்று வர வேண்டும். 83 வந்தால் அமெரிக்க மோட்டார். 97, 98 என்று இழுத்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது அச்சில் எண்ணெய் வறண்டிருக்கலாம். ரப்பர் பெல்ட் நம் ஊர் வெயிலில் இறுகியும் தொய்ந்தும் போவது சகஜம். கார்ட்ரிட்ஜ் வாங்குமுன் பெல்ட்டைப் பாருங்கள்.

அடுத்த ஏமாற்றம் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் காத்திருக்கிறது. புது டெக்கை வாங்கி, வீட்டிலிருக்கும் பழைய ஸ்டீரியோவின் ‘ஆக்ஸ்’ துளையில் செருகினால் ஒலி கொசு ரீங்காரம் போல வரும். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். தவிர, எல்.பி. வெட்டும்போதே தாழ்ந்த ஸ்தாயியைக் குறைத்து, உச்ச ஸ்தாயியைக் கூட்டித்தான் பதிக்கிறார்கள். இல்லாவிட்டால் மிருதங்கத்தின் தொப்பிக்கே பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் போய் இடித்துவிடும். இந்தக் குறைப்பு, கூட்டல் அளவு 1954ல் அமெரிக்கத் தட்டுக் கம்பெனிகளின் சங்கத்தால் நிர்ணயிக்கப்பட்டு, பின்னர் உலகெங்கும் வழக்கமானது. கேட்கும்போது அதைத் தலைகீழாக்கித் தருவது ஃபோனோ பிரீஆம்ப். அது இல்லாமல் கேட்டால் தொப்பி காணாமல் போய், வலந்தலை மட்டும் தகரம் தட்டுவது போல் இருக்கும்.

பழைய ஆம்ப்ளிஃபயரில் ‘ஃபோனோ’ என்ற துளை இருந்தால் செலவு மிச்சம். இல்லாவிட்டால் தனியாக ஒரு சின்னப் பெட்டி வாங்க வேண்டும். புது டெக்குகள் சிலவற்றில் உள்ளேயே பிரீஆம்ப் உண்டு. அதை ஆன் செய்துவிட்டு ஃபோனோ துளையிலும் செருகினால் இரட்டைப் பெருக்கம், ஒலி சிதறும். உம்மென்ற ஹம் கேட்டால், டெக்கிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பியை ஆம்ப்ளிஃபயரில் முடுக்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் இருக்கும், அதற்குப் பின்னால் எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது நல்லது.

துணியில் சுற்றிய அரக்குத் தட்டுகள் தனிக் கதை. சித்தூரின் பெயரையே தாங்கிய இருவர் அந்தக் காலத்தில் தட்டுகளில் கொடிகட்டிப் பறந்தார்கள். ஒருவர் நடிகரும் பாடகருமான நாகையா. இன்னொருவர் புங்கனூரில் பிறந்து, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயின்று, 1954ல் சங்கீத கலாநிதி ஆன சுப்பிரமணிய பிள்ளை. ‘மதுரா நகரிலோ’ என்றால் இன்றும் ரசிகர்களுக்கு அவர் ஞாபகம்தான். எல்.பி.யின் நுண்பள்ளத்துக்கான ஊசி, முனையில் ஆரம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 78க்கு அதுபோல் மூன்று மடங்கு வேண்டும். எல்.பி. ஊசியை 78ல் வைத்தால் அடிப் பள்ளத்து அழுக்கில் புரண்டு வெறும் இரைச்சலைத்தான் எடுக்கும். 78 ஊசியை எல்.பி.யில் வைப்பது இன்னும் மோசம், தட்டே பாழ். பழைய பிளேயர்களில் இரண்டு ஊசிகளையும் ஒரே கார்ட்ரிட்ஜில் மாற்றித் திருப்பும் குமிழ் இருக்கும். அவசரத்தில் திருப்ப மறந்தவர்களால் பாழான எல்.பி.க்கள் ஏராளம். ஆரம்ப நிலைப் புது டெக்குகளில் பெரும்பாலும் 33, 45 மட்டும்தான். வீட்டில் 78 இருந்தால் வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கான ஊசியும் தனிச் செலவு.

கழுவுவதிலும் ஜாதி பேதம் உண்டு. வினைல் எல்.பி.யை டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, லேபிள் நனையாமல், மெல்லிய துணியால் துடைக்கலாம். கொஞ்சம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் சேர்த்தாலும் கெடுதலில்லை. அரக்குத் தட்டில் மட்டும் ஸ்பிரிட்டின் வாடையே படக் கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மேஜைக்கு பாலிஷ் போடும் ஆசாரியைக் கேட்டால் சொல்வார். பெரியவரின் பாட்டு, துடைத்த பஞ்சில் கறுப்பாக வந்துவிடும்.

ஸ்பீக்கருக்கு இந்த வருடம் ஒன்றும் செய்ய வேண்டாம். இருப்பதையே டெக் வைத்த மேஜையிலிருந்து இறக்கி, காது உயரத்தில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்தாலே பாதி மேம்பாடு. டெக்குக்கு அடியில் ஒரு கடப்பைக் கல் பலகை போட்டால் அதிர்வு அடங்கும். பக்கத்து மாவட்டத்துச் சரக்கு, விலையும் அதிகமில்லை. உறையில் இசிஎல்பி என்று எண் தொடங்கும் எச்.எம்.வி. தட்டு மோனோ, இசிஎஸ்டி என்றால் ஸ்டீரியோ. மோனோத் தட்டுக்கு ஆம்ப்ளிஃபயரின் மோனோ பொத்தானை அழுத்தினால் கீறல் சத்தம் கணிசமாகக் குறையும். காசே ஆகாது. தட்டுகளை நிறுத்தியே வைக்க வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஜன்னலோரம் படுக்க வைத்தால் அப்பளமாகிவிடும்.

சுப்ரபாதம் செல்போனிலேயே கிடைக்கிறதே என்று பேரன் கேட்பான். நியாயமான கேள்வி. சுப்ரபாதத்தை மட்டும் கேட்க ரூ. 20,000 வேண்டியதில்லை. எந்தக் கம்பெனியும் மறுபடி வெளியிடாத தட்டு ஒன்றாவது அந்த அலமாரியில் இருந்தால் கதை வேறு. நல்ல ஊசி வந்த பிறகு முதல் ஓட்டத்திலேயே அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொள்வது உத்தமம். பழைய ஊசி தேய்த்த இடத்தைப் புது ஊசியின் வேறு வடிவ முனை தொடாமல் போவதும் உண்டு. கெட்டுவிட்டது என்று ஒதுக்கிய தட்டு அப்போது பாதியாவது பிழைத்து எழும்.

ஆனால் புது ஊசியை மாட்டிய கையோடு எம்.எஸ்.ஸை வைக்க வேண்டாம். எடையும் ஆர்மின் கோணமும் சரியாக அமையும்வரை, யாரும் அழாத ஒரு தட்டை ஓட்டிப் பார்க்கலாம். அட்டை கிழிந்த சினிமா வசனத் தட்டு ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும்.